ஆறு பேருக்கு ஒரே குரல்

நான் அழக்கூடாது. ஒப்பந்தத்தில் இருக்கிறது.
சிரிக்கவும் கூடாது.
ஒஹாயோவில் ஒரு குடும்பம்
கத்திச் சண்டை போடும்.
வார்சாவில், ஜன்னலில்லாத அறையில்,
கண்ணாடிக்கு அப்பால் கஜேதான் கையசைத்ததும்
அத்தனை பேர் சண்டையையும்
நான் ஒருவனே வாசிப்பேன்,
ரயில் தாமதத்தை அறிவிப்பவனைப் போல.

அப்பா கார்ல் நான். அம்மா டோரிஸ் நான்.
பல்லில் கம்பி கட்டிய மகள்,
இரட்டையரில் நல்லவன், மற்றவன்,
சோபாவைவிட்டு இறங்காத சித்தப்பா,
எல்லாம் நான்தான்.
அவர்களுடைய ஆங்கிலம் அடியில் முணுமுணுக்கும்,
மூடிபோட்ட பானையில் கொதிக்கிற
உருளைக்கிழங்கு மாதிரி.
மேலே என் போலிஷ்,
உப்பில்லாமல்.

பதினாலு வருஷம்.
அந்த வீட்டு கராஜ் கதவு
பாதி ஏறி நின்றுவிடும்.
கார்ல் ஓர் உதை விட்டு
"நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பான்.
கூட்டம் சிரிக்கும்.
முந்நூற்றுப் பதினோரு முறை
அந்த வரியை வாசித்திருக்கிறேன், ஒரே சுருதியில்.
ஒருமுறை என் மனைவியிடமும் சொன்னேன்,
வேறொரு விஷயத்துக்கு.
அவள் சிரிக்கவில்லை.
மகள் மட்டும் கேட்டாள்:
அப்பா, நீ 'செல்லமே' என்றால் ஏன்
வானிலை அறிக்கை மாதிரியே இருக்கிறது?

அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்று
பத்திரிகையில் ஒருவர் எழுதினார்.
எனக்கும் அப்படித்தான் பட்டது.
பிறகொரு நாள் இறைச்சிக்கடை வரிசையில்
அரைக்கிலோ ஈரல் கேட்டேன்.
முன்னால் நின்ற பெண் சட்டென்று திரும்பி
"அதைச் சொல்லுங்கள்" என்றாள்.
எதை என்று அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
சொன்னேன்.
கத்தியைக் கீழே வைத்துவிட்டுக்
கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
ஈரலுக்குக் காசு வாங்கவில்லை.

கடைசி அத்தியாயத்தில்
கார்ல் கதவைச் சரிசெய்தான்.
ஒரு திருகு, கொஞ்சம் எண்ணெய், நாலு நிமிஷம்.
சத்தமே இல்லாமல் மேலே போனது கதவு.
ஒஹாயோவில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.
இங்கே நிலையத்துக்கு மூட்டை மூட்டையாய்க் கடிதம்:
யார் செய்யச் சொன்னது?
லூப்ளினிலிருந்து ஒரு தபால்காரி, பென்சிலில்:
"என் வீட்டில் எல்லாம்
ஒவ்வொன்றாய் மாறிவிட்டது.
அந்தக் கதவையாவது விட்டுவைத்திருக்கலாம்."

புதுத் தொடர் வாங்க நிலையத்திடம் காசில்லை.
திங்கள் மாலை ஐந்தேகாலுக்கு
முதல் அத்தியாயத்தையே திரும்பப் போட்டார்கள்.
கார்லுக்கு மறுபடி தலைநிறைய முடி.
இரட்டையர் தொட்டிலில்.
கதவு பாதியில் நின்றது.
அந்த வாரம் என் பெயருக்கு
ஒரு ஜாடி காளான் ஊறுகாய் வந்தது,
கடிதமில்லாமல்.

இப்போது வாரம் மூன்று நாள்
எனக்கு ரத்தம் சுத்தம் செய்கிறார்கள்.
நாலு படுக்கை, ஒரு தொலைக்காட்சி.
ஐந்தேகால் ஆனால் என் பழைய குரல்
உத்தரத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு பேசும்,
இன்றைய என்னைவிட நல்ல சிறுநீரகங்களோடு.
கார்லாக நடித்தவர் போன பனிக்காலத்தில் இறந்துபோனார்.
இங்கே யாருக்கும் அது செய்தியே இல்லை;
இப்போதுதானே கதவை உதைத்தார்?

மூன்றாம் படுக்கை ஜெலாஸ்கோ
நான் வாயைத் திறக்குமுன்பே சிரித்துவிடுகிறார்.
சிரித்து முடித்துக் காத்திருக்கிறார்,
நான் வந்து சேர.
எதிர்ப் படுக்கை திருமதி கூலேஷா
கண்ணை மூடியே கேட்கிறாள்.
"பார்க்க என்ன இருக்கிறது?
அவர்கள் அங்கேதான் இருப்பார்கள்."

நேற்று வெயில் நேரே முகத்தில்.
தாதி போக்னா ஜன்னல் திரையை இறக்கினாள்.
பாதியில் சிக்கிக்கொண்டது.
இழுத்தாள். ஸ்டூலில் ஏறி இழுத்தாள்.
பிறகு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

மூன்று படுக்கைகளும்,
குழாய்கள் அனுமதித்த மட்டும்,
என் பக்கம் திரும்பின.